கடைசியாகப் பார்த்தவர்

அடையாள அட்டை களவு போனால் உடனடியாகச் செய்ய வேண்டியவற்றை அரசாங்கம் மிகத் தெளிவாக வகுத்திருக்கிறது. எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் அவற்றை அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சிட்டும் கொடுத்திருக்கிறது.

எங்கள் தெருப் பூட்டுக்கடைக்காரர் அதைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய சமயத்தில் அட்டை இல்லை. ஆஸ்பத்திரியில் மச்சானைப் பார்த்துவிட்டு லிஃப்டில் இறங்கியபோது, மூன்றாவது மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடுவே எங்கேயோ அவருடைய பர்ஸ் இன்னொருவருடையதாகிவிட்டது. பணம் போனதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. அட்டை இல்லாமல் கடை உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது. மாதம் முடிய ஒன்பது நாள். பத்தாம் நாள் ஆள் வந்து கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். இருபத்திரண்டு வருஷக் கடை.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"என்ன காணோம்?" என்றார் ரைட்டர்.

"அடையாள அட்டை சார்."

"நீங்க யாருன்னு காட்ட ஏதாவது இருக்கா?"

"அதுதான் சார் காணோம்."

ரைட்டர் யோசித்து எழுதினார்: 'தன்னைப் பூட்டுக்கடைக்காரர் என்று கூறிக்கொள்ளும் யாரோ ஒருவர், தன்னுடையது என்று தான் கூறும் அட்டையைக் காணவில்லை என்று கூறுகிறார்.'

அந்த ஸ்டேஷன் லாக்கப்புக்குப் பூட்டு மாட்டியவரே அவர்தான். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவர் இதே ரைட்டர். ஆனால் நேரில் தெரிந்திருப்பது வேறு, ஆவணப்படி தெரிந்திருப்பது வேறு.

மறுநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு அட்டை அலுவலகம் போனார். அங்கே கண்காணிப்பாளர் அம்மாள் புகார் நகலைப் படித்துவிட்டு, ஒரு தாளை நீட்டினார்.

"விண்ணப்பதாரரையும் அட்டையையும் கடைசியா ஒண்ணாப் பார்த்தவர் இதில கையெழுத்துப் போடணும். அவருக்குச் சொந்த அட்டை இருக்கணும்."

"நான் போடறேன்" என்றாள் மனைவி. "இருபத்தாறு வருஷமா இவரைப் பார்க்கறேன்."

"அட்டையைப் பார்த்திருக்கீங்களா?"

"ஆளே எதிரில இருக்கும்போது அட்டையை எதுக்குப் பார்க்கணும்?"

"அப்ப உங்களால முடியாது." அம்மாள் பூட்டுக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அட்டையைக் கடைசியாப் பார்த்தது யாரு?"

"நான்தான்."

"உங்களுக்கு நீங்களே சாட்சி சொல்ல முடியாது. உங்களுக்கு அப்புறம்?"

பூட்டுக்கடைக்காரர் தயங்கினார். "அப்புறம்னா... திருடினவன்தான்."

"அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார் அம்மாள். அவர் கிண்டல் செய்யவில்லை. பதினெட்டு வருஷ சர்வீஸில் அவர் ஒருதரம்கூடக் கிண்டல் செய்ததில்லை.

வெளியே வந்து பூட்டுக்கடைக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் பாதி வீட்டுச் சாவி அவர் கையால் ஆனது. என் வீட்டுச் சாவியும்தான். ஒருத்தர்கூட அவரை நீ யார் என்று கேட்டதில்லை. "என்னை நம்பி வீட்டையே விட்டுட்டுப் போறாங்க" என்றார்.

"எழுந்திருங்க" என்றாள் மனைவி. "அவன் எந்த ஊருக்கும் ஓடியிருக்க மாட்டான். லிஃப்ட் அங்கேயேதானே இருக்கு."

அன்று சாயங்காலமே லிஃப்ட் பக்கத்தில் ஒரு காகிதத்தை அவளே ஒட்டினாள். 'செவ்வாய்க்கிழமை இங்கே பர்ஸ் எடுத்த அன்பருக்கு: பணத்தைப் பற்றிப் பேச்சில்லை. ஒரே ஒரு கையெழுத்து வேண்டும். தயவுசெய்து பூட்டுக்கடைக்கு வரவும்.'

நான்காம் நாள் ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா.

"அட்டை இப்ப இல்லீங்க. சாக்கடையில போட்டுட்டேன். அதுதான் எங்க வழக்கம்" என்றார் பணிவாக. "கையெழுத்துப் போட்டாப் பிடிச்சுக் குடுத்துட மாட்டீங்களே?"

"உங்களைப் பிடிச்சுட்டா என் ஃபைல் நின்னுடும்" என்றார் பூட்டுக்கடைக்காரர்.

மனைவியும் சேர, மூவரும் அலுவலகம் போனார்கள். கண்காணிப்பாளர் அம்மாள் வந்தவரின் அட்டையை வாங்கிப் புரட்டினார். சரியான முகவரி, தெளிவான படம், குறித்த தேதியில் புதுப்பித்தது. "எல்லாரும் இப்படி வெச்சிருந்தா எங்களுக்கு வேலையே சுலபம்" என்றார். விண்ணப்பதாரரை எப்படித் தெரியும் என்ற கட்டத்தில் வந்தவர் 'தொழில்முறையில்' என்று எழுதினார். அது உண்மை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. திருட்டை விசாரிப்பது வேறு துறை.

ஏழாம் நாள் புது அட்டை வந்தது. எட்டாம் நாள் உரிமம் கிடைத்தது. பூட்டுக்கடைக்காரர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வெகுநேரம் எந்த வேலையும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

விஷயம் பரவாமல் இருக்குமா? இரண்டு மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. முகம் தெரியாத எவனோ அடித்துக்கொண்டு போனால் ஆயுசுக்கும் அட்டை கிடையாது. இந்த இஸ்திரிச் சட்டைக்காரர் எடுத்தாலோ, மறுவாரமே நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறார். சொந்த அட்டையும் வைத்திருக்கிறார். களவு கொடுப்பதென்றால் பொறுப்பான ஒருவரிடம் கொடுப்பதுதானே புத்திசாலித்தனம்? நடுவில் ஒருநாள் போலீஸ் அவரைப் பிடித்தது. ரைட்டரே மேலதிகாரியிடம் பேசி விடுவித்தார். ரைட்டருடைய அட்டையும் அதற்கு முந்தின வாரம்தான் போயிருந்தது.

இப்போது அவர் லிஃப்டை விட்டுவிட்டுக் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் வருகிறார். அவர் பக்கத்தில் நிற்க அடிதடி. டாக்டர், வாத்தியார், வக்கீல் எல்லோரும் சட்டைப்பையை அவர் பக்கமாகத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்கிறார்கள்.

போன திங்கட்கிழமை எனக்கு இடம் கிடைத்தது. மூன்று ஸ்டாப் மூச்சுவிடாமல் நின்றேன். நான்காவது ஸ்டாப்பில் அவர் என் அட்டையை என் பையிலேயே திருப்பி வைத்தார்.

"இது அடுத்த மாசம் காலாவதியாகுது சார்" என்றார். "புதுப்பிச்சு எடுத்துட்டு வாங்க. அப்ப பார்க்கலாம்."