அவளுக்கொரு கவளம், எனக்கொரு கவளம்

இனி இந்த வீட்டில் உணவு வேளை ஒழுங்குடன் நடைபெறும் என்று சென்ற சித்திரை வருடப்பிறப்பன்று நான் பிரகடனஞ் செய்தேன்.

ஐம்பதாவது வயதிலே தந்தையானவன் நான். என் ஏகபுத்திரி சாருஜாவுக்கு வயது இரண்டு. நெல்லியடியிலுள்ள என் புத்தகக் கடையைப் பூட்டிவிட்டு, மதியம் ஒன்றரை மணிக்கு உடுப்பிட்டியிலுள்ள வீட்டை அடைந்தால், தினமும் ஒரே காட்சி. வாயை இறுக மூடிக்கொண்டு குழந்தை முன்னே ஓடும். சோற்றுக் கோப்பையுடன் என் மனைவி பராசக்தி பின்னே ஓடுவாள்.

"பிள்ளையைப் பாயிலை இருத்திச் சாப்பிடப் பழக்கவேணும். நான் செய்து காட்டுறன்!"

"ஓம், செய்யுங்கோ. நான் என்ன வேண்டாமெண்டே சொன்னனான்?"

முதல்நாள் நான் ஊட்டிய சோறு என் சட்டையிலே கிடந்தது. இரண்டாம் நாள் மூக்குக்கண்ணாடியிலே. மூன்றாம் நாள் அது எங்கே இருந்தது என்பதைக் கடைக்கு வந்த ஒருவரே சுட்டிக்காட்டினார்.

பிள்ளை மெலிந்துவிடுவாளோ என்று கலங்கினேன்.

"இஞ்சாருங்கோ, பாகற்காயைக் கண்டா நீங்கள் முகத்தைத் திருப்புறியள். உவளும் திருப்புறாள்."

"அதுக்கு?"

"குழைச்சுத் தாறன். உங்களுக்கொரு கவளம், அவளுக்கொரு கவளம். நீங்கள் விழுங்கினாத்தான் அவள் விழுங்குவாள்."

என் சீனி வருத்தத்தைக் காரணங்காட்டிப் பராசக்தி வைத்த பாகற்காயையும் முருங்கையிலையையும் மூன்றாண்டுகளாகத் தீரத்துடன் நிராகரித்து வந்தவன் நான். ஆயினும், மகளுக்காக ஒரு தந்தை நஞ்சையும் உண்பான். பாகற்காய் அதனினும் சற்றே கசப்பு.

பாயிலே சம்மணமிட்டு அமர்ந்தேன். சட்டியிலே சோற்றையும் கறிகளையும் குழைத்து, சுற்றியிருப்போருக்கு உருட்டிக் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கமே. உருண்டைகளின் அளவுதான் எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு நெல்லிக்காய், எனக்கு மாங்காய்.

"என்னப்பா இது அநியாயம்?"

"அவளுக்குச் சின்ன வாய். உங்கடை வாயின்ரை அளவு ஊருக்கே தெரியும்."

நான் விழுங்குவேன். சாருஜா கைதட்டுவாள். பின்னர் பெரிய மனது பண்ணித் தன் நெல்லிக்காயை விழுங்குவாள்.

இரண்டு மாதங்கள் சென்றன. கிளினிக்கிலே சாருஜாவின் நிறை ஏறியிருந்தது. அதே கிழமை என் இரத்தத்தைச் சோதித்தார்கள், சீனி இறங்கியிருந்தது. வெற்றிப் பெருமிதத்துடன் பாயில் அமர்ந்தேன்.

"பார்த்தியே என்ரை பயிற்சியை! பிள்ளை இப்ப ஒழுங்காய்ச் சாப்பிடுறாள்."

"அவள் எப்பவும் ஒழுங்காய்ச் சாப்பிடுறவள்தான்."

"எப்ப?"

"பன்ரண்டு மணிக்கு. பாயிலை இருந்து, தன்ரை கையாலை. ஒன்றரைக்கு நீங்கள் வரேக்கை அவளுக்கு வயிறு நிரம்பியிருக்கும்."

"அப்ப நீ கோப்பையோடை பின்னாலை ஓடினது?"

"உங்களைப் பாயிலை இருத்தத்தான்."

தக்க பதிலொன்றை உரைப்பதற்காக வாயைத் திறந்தேன். அதற்கெனவே காத்திருந்த சாருஜா, பாகற்காய்க் கவளத்தை உள்ளே தள்ளினாள்.