ஐந்து உயிரெழுத்துகளும் ஒரு கோப்பை வட்டலப்பமும்

நாற்பது ஆண்டு இல்லற வாழ்வில் என் மனைவியிடம் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. மற்றவற்றை அவள் நம்பவில்லை; ஆகவே அவை பொய்யில் சேரா.

முதலில் என் கல்வித் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் தபால் பை சுமந்தவன் நான். மாற்றலாகிப் போன தோட்டத் தொரை ஒருவர் பங்களாவில் விட்டுச்சென்ற ஆங்கில அகராதியே என் பள்ளி, என் கல்லூரி, என் பல்கலைக்கழகம். அதில் நான் சாதாரணச் சொற்களைத் தேடவில்லை. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து உயிரெழுத்துகளும் அதே வரிசையில், தலைக்கு ஒருமுறை வந்து நிற்கும் நெடுஞ்சொற்களைத் தேடினேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில்கூட ஆட்கள் அவ்வளவு ஒழுங்காக நின்று நான் கண்டதில்லை.

அவற்றுள் தலைசிறந்தவை மூன்று. ‘அப்ஸ்டீமியஸ்’: உணவிலும் குடியிலும் அடக்கமுள்ள. ‘பஸீஷியஸ்’: விளையாடக் கூடாத இடத்தில் விளையாடுகிற. ‘ஆர்ஸீனியஸ்’: பாஷாணம் கலந்த. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் அமைத்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்பதே என் எஞ்சிய இலட்சியம்.

இச்சொற்களைத் தமிழ் உச்சரிப்போடும் பொருளோடும் கொட்டை எழுத்தில் எழுதி, பதுளைக் கடைவீதியில் கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். என் மனைவி மரியகொரட்டி பதினொரு ஆண்டுகளாக அதைத் துடைக்கிறாள். பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் இடி விழுந்தது. சீனி வருத்தம் என்றார் டாக்டர். இனிப்பை அறவே நிறுத்தவேண்டும் என்று கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். அந்த ஞாயிறுதான் பக்கத்து வீட்டு புவாத்தின் மகள் ஹனாவுக்குக் கல்யாணம். தேங்காய்ப்பாலும் முட்டையும் கித்துள் கருப்பட்டியும் சேர்த்து, புவாத்தின் மனைவி காமிலா அவிக்கும் வட்டலப்பத்துக்காக ஓராண்டாக நாக்கைத் தீட்டிவைத்திருந்தவன் நான்.

ஆனால் ஒரு வசதி இருந்தது. கொப்பி ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்றால் நான்தான்.

“என்னா எழுதியிருக்காரு?” என்றாள் கொரட்டி.

“எல்லாம் பெரிய இங்கிலீசு. ஒனக்கு வெளங்காது.”

“வெளங்காட்டியும் பரவால்ல. சொல்லுங்க.”

வாயில் முந்தி வந்த சொல்லைச் சொன்னேன். “அப்ஸ்டீமியஸ்.”

“அப்படின்னா?”

“ஒடம்புல இனிப்பு கொறஞ்சு போச்சாம். கருப்பட்டி போட்ட பண்டமா வாரத்துக்கு ஒருக்கா கட்டாயம் சாப்பிடணும்.”

“கட்டாயமா?”

“ரெண்டு கோடு போட்டிருக்காரு பாரு.”

“போட்டுத்தான் இருக்காரு. அந்தச் சொல்ல இன்னொருக்கா சொல்லுங்க.”

கற்கும் ஆர்வம் என்று பூரித்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். “டாக்டரு சொன்னா செஞ்சிதானே ஆகணும்” என்றபடி அவள் முன்னறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்தோம். வட்டலப்பத்துக்கு இடம் வேண்டுமே என்று புரியாணியில் பாதியோடு கையை எடுத்தேன். கோப்பைகள் வந்தன. எண்ணினேன். ஐந்து. என் முன்னே பப்பாசித் துண்டு இரண்டு.

“புவாத், ஒரு கப்பு கொறையுதே.”

“கொறயல்ல மத்தேயு அண்ணன். ஒங்களுக்கு பப்பாசிதான்.”

“ஏன்?”

“அக்கா காலையிலேயே காமிலாக்கிட்ட சொல்லிட்டாங்க. ஒங்களுக்கு டாக்டர் என்னமோ எழுதியிருக்கியாம். அப்ஸ்... எனக்கு வாயில வரல்ல. இனிப்ப கண்ணாலயும் காட்டக் கூடாதாம்.”

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஸனூஸ் தம் கோப்பையோடு சற்று நகர்ந்தார். “தொத்துற வருத்தமா?” என்று கேட்டார். மற்ற நால்வரும் என்னை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டே வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “கொப்பிய யாருகிட்ட காட்டின?”

“யாருகிட்டயும் காட்டல.”

“பொறகு எப்படித் தெரியும்?”

அவள் துணியை எடுத்துச் சட்டத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். “தமிழ்ல நீங்களே எழுதி மாட்டியிருக்கீங்க. ‘உணவிலும் குடியிலும் அடக்கமுள்ள.’ டாக்டரு அதத்தான் எழுதினாருன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் அதத்தான் செஞ்சேன்.”

என் கையெழுத்து. என் கொட்டை எழுத்து. சட்டம்கூட என் தேர்வு. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சீனி போடாத பிளேன்டீயை அவள் என் முன்னே வைத்தாள்.

“இன்னையிலருந்து அப்ஸ்டீமியஸ். இனிமே கிளினிக் கொப்பியில பஸீஷியஸ் பண்ணினீங்கன்னா, அடுத்த டீ ஆர்ஸீனியஸ்.”

உச்சரிப்பில் ஒரு பிழை இல்லை. மூன்று சொல்லும் ஒரே மூச்சில், உரிய இடத்தில் வந்து நின்றன. முப்பது ஆண்டுகளாக எனக்கு அமையாத வாக்கியம் அது.

முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தேநீரைக் குடித்தேன்.