ஹால் தரையும் வலதுபக்கம் திரும்பிய ரோபோவும்

மரியாதைக்குரிய மைத்துனர், கட்டட மேஸ்திரி அவர்களுக்கு,

தாங்கள் அங்கு நலம்தானே? இங்கு நான், உங்கள் அக்கா, உங்கள் மருமகள் மூவரும் உடம்புக்கு நலம். மனசுக்கு என்ன என்று எழுதத்தான் இந்தக் கடிதம். "என்ன மாப்ளே" என்று கூப்பிடுகிறவன் "அவர்கள்" போட்டிருக்கிறேன் என்றால் விஷயத்தின் கனம் தங்களுக்கே புரியும்.

உங்கள் மருமகளும் அவள் தோழிகளும் கல்லூரிப் போட்டிக்கு ஒரு ரோபோ செய்தார்கள். நோயாளிக்குத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒத்திகை எல்லாம் நம் வீட்டு ஹாலில். முதல் ஓட்டத்திலேயே அது இடதுபக்கம் ஒதுங்கிச் சோபாவில் முட்டியது. தரையில் கோளாறோ என்று ஒரு தோழி கேட்டதற்கு, "எங்க மாமா போட்ட தரைடி!" என்று இவள் சீறிவிட்டாள். ஆகவே பழி இடது மோட்டார் தலையில் விழுந்தது. சோம்பேறி என்று முடிவுகட்டி, அதற்கு மட்டும் வேகத்தைக் கூட்டினார்கள். அப்புறம் நூல் பிடித்த மாதிரி போச்சு, நானே கை தட்டினேன். போட்டியில கிளம்பின உடனே வலதுபக்கம் திரும்பி, நோயாளியை அம்போன்னு விட்டுட்டு, நடுவர் மடியில டம்ளரைக் கவிழ்த்துச்சு. மனுஷன் வெள்ளைப் பேன்ட் வேற.

மறுநாள் அவங்க ஆசிரியரே வீட்டுக்கு வந்து ஹால்ல ரசமட்டத்தை வச்சுப் பார்த்தார். குமிழி ஓரமா ஓடிப்போய் உட்கார்ந்துக்கிச்சு. "தரைதான் சரிவும்மா, மோட்டார் மேல தப்பில்ல. போட்டி நடந்த தரை மட்டம், அங்க நீங்க கூட்டின வேகம் வலதுபக்கம் தள்ளிடுச்சு"ன்னார். இவ, "உங்க ரசமட்டம் பழசா இருக்கும் சார்"ன்னுட்டா. மாமா தப்பு பண்ண மாட்டாராம், இவளுக்குத்தான் மூளை இல்லையாம். படிப்பையே விடப்போறாளாம், திங்கக்கிழமை கல்லூரியில போய்ச் சொல்லப்போறாளாம். சரியாச் சாப்பிடறதும் இல்ல. நீ ஒண்ணு செய் மாப்ளே. தரை கோணல்தான், தப்பு என்னோடதுதான்னு உன் கையால ரெண்டு வரி எழுதிப் போடு. உன் பேர் போனாப் போகட்டும், அவ படிப்பு போகக்கூடாது.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னதுகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "என் தம்பியை ஏன் திட்டுறீங்க? கழுவிவிடுற தண்ணி பின்வாசலுக்கு ஓடணும்னு நான்தான் சரிவு வைக்கச் சொன்னேன்" என்கிறாள். இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கலைன்னா, "என்னை யாரு கேட்டீங்க?" உள்ளேயிருந்து உன் மருமகள் ஓடிவந்து, "அப்போ மாமா சரியாத்தான் போட்டிருக்கார்!" என்று ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து, ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டு, ரோபோவைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறாளாம். ஆகவே மேலே எழுதியதில், நலம் விசாரித்தது மட்டும் செல்லும்.