நீண்டுகொண்டே போன கை

காலையிலிருந்து மனைவி டிசைனரின் மேசைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் இயந்திரக் கையை வரைவது அவர் வேலை. அதற்கு வயரிங் போடுவது அதே அலுவலகத்தில் இருக்கும் மனைவியின் வேலை. அவர் கையைக் கொஞ்சம் நீட்டினால் கேபிள் பத்தாது. உடனே அவள் வந்து நின்று சண்டை பிடிப்பாள். அவர்கள் காதலே அப்படி ஆரம்பித்ததுதான். கல்யாணமான பிறகும் அந்தச் சண்டைக்காகத்தான் அவர் தலை வாரிக்கொண்டு ஆபீஸ் வந்தார்.

இப்போது புதிதாக ஒரு புரோகிராமர் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான். அவர் வரைபடம், அவள் வயரிங், அவன் புரோகிராம் என மூன்று சாஃப்ட்வேரையும் இணைத்துவிட்டான். ஒன்றில் எதை மாற்றினாலும் மற்ற இரண்டும் தாமாகவே திருத்திக்கொண்டன. சாஃப்ட்வேர்கள் பேசிக்கொண்டன, புருஷன் பெண்டாட்டிதான் பேசவில்லை. அவளோ அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குசுகுசுவென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையனுக்கு உடம்பெல்லாம் மூளைங்க," என்றாள் வீட்டில் சாப்பிடும்போது.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே கையை ஒரு சாண் நீட்டினார். கேபிளும் சமர்த்தாக ஒரு சாண் நீண்டது. அவள் வரவில்லை.

சென்சாரை இடம் மாற்றினார். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, அவளும் புரோகிராமரும் மத்தியானம் முழுக்க ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"அப்படி என்ன வேலை?" என்று சாயங்காலம் கேட்டார்.

"சென்சார் நகர்ந்திருக்குங்க. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம், நீங்க கவலைப்படாதீங்க."

'நாங்க ரெண்டு பேரும்' என்ற வார்த்தை ராத்திரி முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை.

விடிந்ததும் தன் வரைபடத்தை இணைப்பிலிருந்து கழற்றினார். கையை இன்னும் இரண்டு சாண் நீட்டி, யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்கு அனுப்பினார். இனி கேபிள் பத்தாது, அவள் வந்துதானே ஆக வேண்டும்?

அவள் வருவதற்குள் சோதனை ஓட்ட நாள் வந்துவிட்டது. மேனேஜர் பொத்தானை அழுத்தினார். கை ஒய்யாரமாக எழுந்து, சுழன்று, வயரிங் பெட்டிக்கு ஓங்கி ஓர் அறை விட்டது. இயந்திரம் பொறி பறக்க நின்றது.

"யாரு பாத்த வேலை இது?" என்றார் மேனேஜர்.

டிசைனர் அவசரமாக இயந்திரத்தைச் சுற்றி வந்தார். கை நீண்டது தெரிந்தால் வேலையே போகும். அப்போதுதான் கவனித்தார், இணைப்பிலிருந்து கழற்றிய அவர் படத்தில் மூலையில் இருந்த வயரிங் பெட்டி இங்கே நட்டநடுவில் நின்றது.

"இந்தத் தம்பியோட இணைப்புதான் சார் காரணம். மூலையில இருந்த பெட்டியைக் கை போற வழியில கொண்டுவந்து வெச்சிருக்கு."

புரோகிராமர் டிசைனரின் மனைவியைப் பார்த்தான். அவள் முகம் சிவந்து தரையைப் பார்த்தாள். அவனைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று பட்டதும் டிசைனருக்கு மேனேஜர் நிற்பதுகூட மறந்துபோயிற்று.

"சொல்லேன். அவனை விட்டுக்கொடுக்க மனசு வரலையா?"

புரோகிராமர் டிசைனர் பக்கம் திரும்பினான்.

"பெட்டியை நகர்த்தினது மேடம்தான் சார். ஒரு வாரமா என்னென்னமோ மாத்திப் பாத்தாங்க, நீங்க சண்டைக்கே வரலையாம்."