தட்டிலிருந்து நான் எடுத்த ஒரு ரூபாய்

நிச்சயதார்த்தத்தன்று மணப்பெண் செய்யக் கூடாதவை என்று யாரும் எனக்குப் பட்டியல் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கடைப்பிடித்திருப்பேன், பட்டியல்களை மதிக்கும் ஆள் நான். ஆனால் எவ்வளவு நீளமான பட்டியலிலும், ‘தட்டிலிருக்கும் காசை லென்ஸ் வைத்துப் பார்க்காதே’ என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்த பெருமை என்னுடையது.

படித்தது டூல் அண்டு டை டிப்ளமோ, அதாவது அச்சு செய்யும் படிப்பு. தகடு அழுத்தும் தொழிற்சாலையில் தரச் சோதனை வேலை. போதாததற்கு, பிழையுள்ள நாணயங்களைச் சேர்க்கும் பைத்தியம் வேறு. காசு அடிக்கும் அச்சிலேயே உருவம் இரண்டு முறை பதிந்துவிட்டால், அந்த அச்சில் பிறக்கும் எல்லாக் காசிலும் எழுத்து இரட்டையாக விழும். சேகரிப்பவர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். தேய்ந்த காசும் அடிபட்ட காசும் அதுபோலவே நடிக்கும். (எங்கள் வாட்ஸாப் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை வகுப்பெடுப்பவள் நான். அதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.)

எங்கள் வீடு வில்லியனூர் பக்கம். மாப்பிள்ளை வீட்டார் பாகூரிலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். தட்டில் புடவை, பூ, வெற்றிலை, நோட்டுகளின் மேல் ஒற்றை ரூபாய்க் காசு. மாப்பிள்ளையின் அம்மா தட்டை என் கையில் கொடுத்தார். தலையைக் குனிந்தேன். வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கோ காசில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிந்தது.

அடுத்த நொடி தட்டு மடியில், காசு விரலில், கைப்பையிலிருந்த லென்ஸ் கண்ணில்.

“இன்னாமா, காசு செல்லுமான்னு பாக்கிறியா?” என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

“ஐயோ, இல்லைங்க. பிழை இருக்கான்னு பாக்கறேன்.”

(இதைவிட மோசமான பதில் உண்டா என்று பல நாள் யோசித்துவிட்டேன். இல்லை.)

“நாங்க வெச்ச தட்டுல பிழையா?” மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். “வேனை எடுக்கச் சொல்லுங்கடா. கெளம்பலாம்.”

“ஏண்டி, கீழ வைடி அத!” அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நானோ விளக்கினால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பி, “மாமா, பிழை இருந்தாதான் நல்லது” என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் என் அப்பா மாமாவின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். யார் முன்னாலும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. லென்ஸை இறக்கினேன்.

பக்கத்து நாற்காலியிலிருந்து மாப்பிள்ளை குனிந்து, “சரி, இன்னாதான் தெரியுது?” என்றார்.

மறுபடி பார்த்தேன். அசல் இரட்டை என்றால் இரண்டாவது எண்ணும் முதலெண்ணைப் போலவே உருண்டு எழும்பி நிற்கும். மூலைகளில் பிளவு தெரியும். இதில் தட்டையாக ஒரு படி, அவ்வளவே. அடிக்கும்போது அச்சு ஆடியதில் நசுங்கிய உலோகம். அதன்மேல் தேய்மானம். வகுப்பில் நான் எடுக்கும் முதல் பாடம்.

“சாதாரணக் காசுதான்” என்றேன்.

“இன்னா பெறும்?” மாப்பிள்ளையின் அப்பா இன்னும் உட்காரவில்லை.

“ஒரு ரூபா, மாமா.”

“நாங்க வெச்சதும் ஒரு ரூபாதானேமா?”

முதலில் அத்தைக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு வீடே சிரித்தது. மாமா உட்கார்ந்தார். அப்பா கையை இறக்கத்தான் கொஞ்ச நேரமாயிற்று.

கல்யாணம் நடந்தது. இன்றும் பாகூரில் எந்த விசேஷத்துக்குத் தட்டு வைத்தாலும், “மருமவள கூப்புடுங்கபா, டெஸ்ட் பண்ணி பாஸ் போடட்டும்” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். என் பிறந்த வீட்டிலிருந்து வரும் வரிசைத் தட்டில் மட்டும் காசு வெளியே இருக்காது. கவருக்குள் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி வரும். ஒட்டுகிறவர் அப்பா. இந்தக் கதைக்கு அவர் ஒருவர்தான் இன்னும் சிரித்ததில்லை.