இரண்டு மணி நேரச் சாட்சி

பல் டாக்டர் லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, பத்திரத்தில் வைத்தது மாதிரி அழுத்தந்திருத்தமாக விழுந்திருந்தது.

இந்த வாரத்தில் இது மூன்றாவது. அந்தப் பித்தளைக் கேமரா லென்ஸ் அவருடைய தாத்தாவுக்கும் மூத்தது. அதைத் துடைக்கிற துணியால் அவர் தன் மூக்குக்கண்ணாடியைக்கூடத் துடைத்ததில்லை.

டாக்டர் பொதுவாகவே யாரையும் நம்புகிறவர் இல்லை. வலிக்கவில்லை என்று நோயாளி சொன்னால், இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பார். ஆனால் இந்த விஷயத்தில் தோண்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மச்சினன், ஐந்து மாதமாக ஹாலில் கால் நீட்டிக்கொண்டிருந்தான்.

"உன் தம்பி என் அலமாரியைக் குடையறான்" என்றார் மனைவியிடம்.

"கண்ணால பாத்தீங்களா?"

"இதைப் பாக்க வேற செய்யணுமா?"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "எங்க அம்மாவுக்கு நான் பதில் சொல்லணும். அந்த மரப்பெட்டியில ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்க, அன்னிக்கே அவனை பஸ் ஏத்திடறேன். ஒரு வாரத்துல காட்டலைன்னா, பெட்டி வீட்டை விட்டுப் போகணும்."

மரப்பெட்டி என்று அவள் சொன்னது டாக்டரின் பழைய பெரிய கேமராவை. ஆளுயர முக்காலி, ஆர்மோனியத் துருத்தி, பின்னால் ஒரு கறுப்புத் துணி என்று அது ஒரு தனிக் குடித்தனம். டாக்டர் அதைப் பிரிந்து இருப்பார் என்பது நடக்கிற காரியமா?

மறுநாள் காலை அதை ஹால் மூலையில், எதிரே இருந்த அலமாரியைப் பார்த்தபடி, காயப்போட்ட துணிகளுக்கு நடுவே ஒளித்து வைத்தார். அதில் மாட்டியிருந்த வேறொரு பழைய லென்ஸில் பட்டனும் கிடையாது, விசையும் கிடையாது. மூடியைக் கழற்றினால் படம் ஆரம்பம், போட்டால் முடிவு. ஒன்றும் தப்பிவிடக் கூடாது என்று துவாரத்தை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கி, இரண்டு மணி நேரம் திறந்துவிட்டு, கீழே கிளினிக்குக்குப் போய் மூன்று பல் பிடுங்கிவிட்டு வந்தார்.

படத்தைக் குளியலறையில் கழுவினார். அரைமணிக்குள் மச்சினன் நாலு தரம் கதவைத் தட்டி, அத்தான் உள்ளே தூங்கிவிட்டாரா என்று விசாரித்தான்.

படத்தில் அலமாரி அற்புதமாக விழுந்திருந்தது. திருகாணியின் மரையை எண்ணலாம். ஆள்தான் இல்லை. அலமாரியைத் திறந்தால், பித்தளை லென்ஸில் புதிய ரேகை.

டாக்டருக்கு அப்புறம்தான் உறைத்தது. இரண்டு மணி நேரப் படத்தில், அரை நிமிஷம் வந்து போகிறவனை ஃபிலிம் ஒரு கொசுவாகக்கூட மதிக்காது. அசையாமல் இருப்பவன்தான் விழுவான். சரி, உட்கார வைத்துவிடலாம் என்று, மறுநாள் சாய்வு நாற்காலியை அலமாரிக்கு முன்னால் நகர்த்திப் போட்டார்.

மச்சினன் சந்தோஷமாக உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் நெளிந்தான், முதுகைச் சொறிந்தான், காலை மேலே தூக்கிப் போட்டு ஆட்டினான். படத்தில் நாற்காலி இருந்தது. நாற்காலியில் கொஞ்சம் புகை இருந்தது. புகைக்குக் கீழே, அவன் கழற்றிவிட்ட ஒரு ஜோடி செருப்பு, தையல் தெரியத் துல்லியமாக இருந்தது.

"செருப்பு திருடிச்சுன்னு எங்க அம்மாகிட்ட சொல்லவா?" என்றாள் மனைவி. அவள் முகம் தொங்கிப் போயிருந்தது. டாக்டர் அதை ஏளனம் என்று எடுத்துக்கொண்டார். அக்காவும் தம்பியும் கூட்டு என்கிற சந்தேகம் அப்போதுதான் அவருக்கு முளைத்தது. அன்று அவள் கொடுத்த காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

மூன்றாம் நாள், இனி யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று, துவாரத்தை முழுசாகத் திறந்துவிட்டு, கறுப்புத் துணிக்குள் தானே புகுந்துகொண்டார். கிளினிக்கில் ஒருவர் வாய் நிறையப் பஞ்சோடு காத்திருந்தார். இருக்கட்டும்.

கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். மச்சினன் விட்டத்தில் நடப்பதுபோல் வந்தான். அலமாரியைத் திறந்தான். டாக்டர் லென்ஸை மூடி, கண்ணாடி இருந்த இடத்தில் ஃபிலிம் சட்டத்தைச் செருகி, வெளிச்சம் படாமல் அதை மறைத்திருந்த தகட்டை உருவி, சுற்றிக்கொண்டு முன்னால் வந்து மூடியைக் கழற்றினார். கடைவாய்ப் பல் பிடுங்குகிற மாதிரி, இதில் ஒன்றைக்கூட விட முடியாது. நிமிர்ந்து பார்த்தால், மச்சினன் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

ஆத்திரத்தோடு அலமாரிக்குப் போனார். பித்தளை லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மூச்சுவிடாமல் ரேகையைத் தேடிக்கொண்டு முழுசாக ஒரு நிமிஷம் நின்றார். பிறகுதான் மூடி நினைவுக்கு வந்து ஓடினார்.

சாயங்காலம், கொடியில் உலர்ந்துகொண்டிருந்த படத்தை முதலில் பார்த்தவன் மச்சினன்தான். எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினான். திறந்த அலமாரி, கையில் லென்ஸ், பிடிபட்டவனின் முழி. படத்தில் டாக்டர் மூக்கு மயிர் உட்படத் தெளிவாக இருந்தார்.

மச்சினனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சொந்த அலமாரியிலயே பயந்து பயந்து எடுக்கறீங்களே, அத்தான். திங்கக்கிழமை வேலைக்கு வரச்சொல்லி எனக்கு லெட்டர் வந்திருக்கு. உங்களை இந்த நிலைமையில விட்டுட்டு எப்படிப் போவேன்? முடியாதுன்னு எழுதிப் போட்டுடறேன்."

எழுதுவதற்குப் பேனா தேடிக்கொண்டு அவன் உள்ளே போனான்.

மனைவி டாக்டரின் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அழுகிறாளா, அடிக்கப் போகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"கூடப் பொறந்தவனைப் போடான்னு என்னால சொல்ல முடியாமத்தானே, அந்தக் கண்ணாடியைக் கையால தொடச்சு வைடான்னு ஒரு வாரமா தினம் ஆறு தடவை அவனை அந்த அலமாரிக்கு அனுப்பினேன். ஒரு தடவையாவது பிடிக்க முடிஞ்சுதா உங்களால?"