துவக்கின் எந்தப் பக்கம்?

ஒரு பொய்கூடச் சொல்லாமல் புளுகலாம் என்பதற்கு நானே சாட்சி.

இங்கே கனடாவில் நான் வேலை செய்யும் பல் வைத்தியரின் கிளினிக்கில் லிண்டா என்றொருத்தி இருக்கிறாள். வருடாவருடம் தன் சிநேகிதிகளோடு வடக்கே மான் வேட்டைக்குப் போகிறவள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், "உனக்குத் துவக்கெல்லாம் பழக்கமில்லையாக்கும்" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் துவக்குகளுக்கு நடுவில் வளர்ந்தவள்" என்றேன். அது சத்தியம். துவக்கின் எந்தப் பக்கத்தில் வளர்ந்தேன் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் கண்ணில் அப்படியொரு மரியாதையை நான் அதுவரை கண்டதில்லை. அவர்களுடைய குழுவில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதை இழப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று தோன்றியது. (புத்தி அப்படி.)

வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸும் எடுத்தேன். பிறகு இவரையும் இழுத்துக்கொண்டு துவக்குக் கடைக்குப் போனேன். இவர் என்பது என் கணவர். பிக்கரிங்கிலிருந்து கடை வரும்வரை காருக்குள் ஒரே அர்ச்சனை.

"இஞ்சாரும், துவக்குச் சத்தம் கேக்காத நாடு வேணுமெண்டுதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்? இப்ப காசு குடுத்து வாங்கப் போறீரோ?"

"உது மானுக்கு."

"வள்ளியைப் பெத்ததும் மான்தானே? முருகன்ர மாமியாரைச் சுடப்போறீரோ?"

கடைக்காரப் பெடியன் தூரம், குண்டின் அளவு என்று என்னென்னவோ விளக்கினான். நான் சீலைக்கடையில் நிற்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மரப்பிடி நல்ல மினுக்கமாக, கைக்குப் பாரமில்லாமல் இருந்த ஒன்றைத் தெரிவுசெய்தேன். பாரம் குறைந்தது தோளில் கூடுதலாக உதைக்கும் என்று அவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவரோ, "ஏதும் குறைச்சுத் தருவினமோ எண்டு கேளும்" என்று என் முதுகைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த சனிக்கிழமை, சுடப் பழகும் மைதானம். லிண்டாவும் மூன்று சிநேகிதிகளும் செம்மஞ்சள் அங்கியோடு வரிசையாக நின்று, அனுபவசாலி சுடுவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். இவர் தேத்தண்ணிப் போத்தலோடு கார் பக்கம் நின்றார். என் துவக்கில் இன்னும் குண்டுகூடப் போடவில்லை. காதுக்கவசம் தோட்டை அழுத்தி நோகிறது என்று அதை ஒரு கணம் கழற்றினேன். (தோட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் படம் எடுப்பார்களே!) அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் சுட்டார்.

அடுத்த நொடி நான் சரளைக் கல்லில் குப்புறக் கிடந்தேன். நெஞ்சு நிலத்தில் முட்டாமல் முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைத் திறந்து, அன்று ஊரில் குண்டுவீச்சுக்கென்று பள்ளிக்கூடத்தில் பழக்கிய அதே மாதிரி.

மைதானப் பொறுப்பாளர் "சீஸ் ஃபயர்!" என்று கத்தினார். போர்நிறுத்தம் என்று எத்தனை பேர் சொல்லி நாங்கள் நம்பியிருக்கிறோம்! நான் அசையவில்லை.

அதைவிடக் கொடுமை, லிண்டா குழுவினர் இது ஏதோ பெரிய பயிற்சிமுறை என்று நினைத்து, ஒவ்வொருவராக என் பக்கத்தில் குப்புறப் படுத்து வாயைத் திறந்தார்கள். பொறுப்பாளர் பாவம், தனியாக நின்றார்.

கார் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "பிள்ளையள் எங்கை? பிள்ளையளைப் பிடியும்!" காருக்கு அடியிலிருந்து இவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. மகன் பிறம்ரனில் ஒரு லொறிக் கொம்பனியில் மனேஜர். மகளுக்குக் கலியாணமே முடிந்துவிட்டது.

இவரை இழுத்தெடுத்தபோது சேட்டெல்லாம் தேத்தண்ணி. இனி மறைக்க என்ன இருக்கிறது? போதாததற்கு ஐந்தாறு தடவை சுட்டும் பார்த்தேன். தோள் கத்தரிக்காய் நிறமானது, இலக்குக் கடதாசியில் ஒரு ஓட்டையும் விழவில்லை. லிண்டாவிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரிந்ததெல்லாம் துவக்குக்கு ஒளிக்க மட்டும்தான்." என் இடம் போய்விட்டதென்று அழுகையே வந்துவிட்டது.

லிண்டா முழங்காலில் ஒட்டிய கல்லைத் தட்டிக்கொண்டு யோசித்தாள். "மான் வேட்டையில் முக்கால்வாசியும் மூச்சுக் காட்டாமல் கிடப்பதுதான். எங்களில் ஒருத்திக்கும் அது வராது. நீ கட்டாயம் வரவேண்டும்" என்றாள்.

போனேன். இன்றைக்கும் போகிறேன். ஒரு மானுக்கும் என்னால் ஆபத்து வந்ததில்லை.

கதையை மகள் சொந்தபந்தமெல்லாம் பரப்பிவிட்டாள். இப்போது பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது ஆராவது கதவை அடித்துச் சாத்தினால் போதும், இருவரும் ஒரே குரலில் "அப்பா, வீ ஆர் ஹியர்!" என்று கத்துவார்கள். கனடா தினத்தன்று வாணவேடிக்கை தொடங்கியதும் பிறம்ரனிலிருந்து போன் வரும். "அப்பா, ஐ ஆம் ஹியர், ஓகே?" எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இவர் "போடா விசரா" என்று போனை வைப்பார். வைத்துவிட்டு, மகளின் போனும் வரும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டார்.